நொய்யல் கரையில் ஒரு நெடுநடை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பனியன் ஏற்றுமதி பற்றிப் பேசச் சொன்னார்கள். அதைப் பேச இங்கே என்னைவிடப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் நடந்த கதையைச் சொல்கிறேன். நானும் என் வீட்டுக்காரரும் நொய்யல் ஆற்றை மலையடிவாரத்திலிருந்து காவிரி வரைக்கும் நடந்தே பார்த்துவிட்டு வந்தோம்.

நம்ம ஊரில் புருஷனும் பொண்டாட்டியும் பையை மாட்டிக்கொண்டு நடந்தால், "பழனிக்குங்களா?" என்றுதான் கேட்பார்கள். தைப்பூசத்துக்கு நாங்களும் நடந்திருக்கிறோம். அங்கே முன்னும் பின்னும் ஆள் இருக்கும், வழியெல்லாம் அன்னதானப் பந்தல் இருக்கும். ஆற்றங்கரையில் அதெல்லாம் கிடையாது. பாதி இடத்தில் பாதையே கிடையாது, சீமைக்கருவேல முள்தான்.

நொய்யலின் நீளம் சுமார் 180 கிலோமீட்டர். ஒரே மூச்சில் நடக்க யார் லீவு தருவார்கள்? கார்த்திகையில் தொடங்கி, மாசியில் முடித்தோம். மொத்தம் 14 ஞாயிற்றுக்கிழமைகள். விடியற்காலை பஸ் ஏறி, போன வாரம் நிறுத்திய இடத்தில் இறங்குவோம். பன்னிரண்டு, பதிமூன்று கிலோமீட்டர் நடந்துவிட்டு, பஸ் பிடித்து வீடு திரும்புவோம்.

வெள்ளியங்கிரி மலைக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக்கூடாது. அதனால் சிற்றாறுகள் சேரும் கூடுதுறையில் ஆரம்பித்தோம். அங்கே தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிகிறது. சித்திரைச்சாவடி அணைக்கட்டு, பேரூர், கோவைக் குளங்கள், சூலூர், சாமளாபுரம் என்று வரும்போதுதான் பழையவர்களின் கணக்கு புரிந்தது. ஆற்றை அணைக்கட்டில் மறித்து, வாய்க்காலில் திருப்பிக் குளத்தை நிரப்பியிருக்கிறார்கள். மழை குறைந்த நாட்டில் வெள்ளத்தைச் சேமிக்கும் ஏற்பாடு அது. கார் ஜன்னல் வழியே பார்த்தால் ஒவ்வொன்றும் தனித்தனிக் குளம். நடந்தால்தான் அவை ஒரே சங்கிலி என்று தெரிகிறது.

திருப்பூருக்குள் நடந்த ஞாயிறுதான் சிரமமானது. என் வீட்டுக்காரர் இருபது வருஷத்துக்கு மேல் டையிங் மாஸ்டர். அந்தக் காலத்தில் ஆற்றின் நிறத்தைப் பார்த்தே பட்டறைகளில் என்ன கலர் ஓடுகிறது என்று சொல்லலாம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது அவர் பல மாதம் வீட்டில்தான் இருந்தார். கழிவுநீர் ஒரு சொட்டும் ஆற்றில் விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை வந்த பிறகுதான் தொழில் மறுபடி எழுந்தது. அன்றைக்குக் கரையில் நடக்கும்போது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த நடையில் கொஞ்சம் விலகி நஞ்சராயன் குளத்துக்குப் போனோம். நல்லாற்று வெள்ளம் நிரப்பும் குளம். 2022-இல் தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. பனியன் கம்பெனிச் சங்கு கேட்கும் தூரத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்குகின்றன என்றால், இந்த மண் இன்னும் நம்மைக் கைவிடவில்லை என்றுதானே அர்த்தம்?

பிறகு ஒரத்துப்பாளையம். பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் திறந்த அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாகிப் போன கதை உங்களுக்குத் தெரியும். அங்கே மாடு மேய்த்த பெரியவர் ஒருவர், "எந்த ஊருங்க?" என்றார். "திருப்பூருங்க." கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தார். "நாங்க குடிச்ச தண்ணியப் பாக்க வந்தீங்களாக்கும்?" இவர் நிதானமாக, "ஆமாங்க. பாக்கோணும்னுதான் நடந்தே வந்தோம்" என்றார். பெரியவர் மேலே எதுவும் சொல்லவில்லை. மேட்டு வழியாகப் போகச் சொல்லி, முள் இல்லாத தடத்தைக் காட்டிவிட்டுப் போனார்.

பக்கத்திலேயே கொடுமணல். மேலைக் கடற்கரையிலிருந்து கரூருக்குப் போன பழைய வணிகப் பாதையில் இருந்த ஊர். அகழாய்வில் கல்மணிகளோடு நூல் நூற்கும் தக்களி வில்லைகளும் கிடைத்திருக்கின்றன. இந்தக் கரையில் நூல் தொழில் நேற்று முளைத்ததல்ல. கடைசி ஞாயிறு, கரூர் மாவட்டத்து நொய்யல் கிராமத்தில் ஆறு காவிரியோடு சேரும் இடத்தில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

ஜோடியாக நடக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். முதல் இரண்டு வாரம் இவர் முன்னால் போனார். "ஏனுங்க, செத்த நில்லுங்க" என்று கத்தியே எனக்குத் தொண்டை வறண்டது. மூன்றாவது வாரம் என்னை முன்னால் விட்டார். அதன் பிறகுதான் பேச்சே ஆரம்பித்தது. ஷிப்டும் ஷிப்மென்டுமாக ஓடிய வருஷங்களில் பேசாததையெல்லாம் அந்தக் கரையில் பேசினோம்.

தம்பி தங்கைகளே, உங்களில் பலர் நாளைக்கு இந்தத் தொழிலுக்குத்தான் வருவீர்கள். கணக்கு எழுதுவீர்கள், முதலாளியும் ஆவீர்கள். அதற்கு முன்னால் ஒரு ஞாயிறாவது ஆற்றோரம் நடந்து பாருங்கள். மேலே கூழாங்கல் தெரியும் தண்ணீரையும், கீழே பெரியவர் கேட்ட கேள்வியையும் தெரிந்துகொண்டு வந்து கையெழுத்துப் போடுங்கள்.