பொங்கல் மிச்சம் எங்கே போகணும்?



பொங்கல் முடிந்ததும் வீட்டில் சேருகிற குப்பையில் பெரும்பகுதி எருதான். போகித் தீயில் போட நினைக்கிற பழைய பாயும் மக்கும். டயர், பிளாஸ்டிக்கை எரிக்கவே கூடாது. அந்தப் புகை நஞ்சு.

கொல்லையில் நிழல் பார்த்து 3 அடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்க. வாழை இலை, காய்கறித் தோல் சுலபமாக மக்கிவிடும். கரும்புச் சக்கைதான் முரண்டு பிடிக்கும். அதைச் சாண் நீளம் நறுக்கிப் பரப்பி, சாணிக் கரைசல் தெளித்து, மண் தூவுங்க. கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் ஒட்டணும், தண்ணீர் சொட்டக்கூடாது. மாதம் ஒருமுறை கிளறிவிட்டால் 4 மாதத்தில் எரு தயார்.

மிஞ்சின பொங்கலை என்ன செய்வது? மாட்டுக்குப் போட்டால் போச்சு என்பீர்கள். ஆபத்தே அங்கேதான். சோறு மாட்டின் வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகிவிடும். வயிறு உப்பி மாடு படுத்துவிடும், செத்தும் போகும். மாட்டுப் பொங்கலன்று பூசைக்கு ஒரு கைப்பிடி கொடுத்தால் போதும். பிளாஸ்டிக் பையில் முடிந்து தெருவில் வீசினாலோ, மாடு பையோடு விழுங்கும். அந்தப் பை செரிக்காது, வெளியேயும் வராது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் அதற்குத் தடையும் இருக்கிறது.

ஆகவே வீட்டு ஆட்களுக்கு அளந்து பொங்குங்க. மிஞ்சினால் குழியில் போட்டு மண்ணால் மூடுங்க. மாடு அசைபோடாமல் நின்றால், கைவைத்தியத்தில் நேரம் போக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்க.