மலை ரயிலை ஏற்றியவர்கள்

(திருத்தணியில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேராவது நம் மலையின் 365 படிகளையும் காவடியோடு ஏறியிருப்பீர்கள். தோளில் சுமை இருந்தால் ஒவ்வொரு படியும் எவ்வளவு உயரம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் ரயில் மலையடிவாரத்தோடு போய்விடுகிறது. மேட்டுப்பாளையத்தில் அப்படியல்ல. அங்கே ரயிலே மலை ஏறுகிறது.

அந்த ரயில் யாருக்காக வந்தது? கோடை பிறந்தால் சென்னை வெயில் வெள்ளைக்கார துரைமாருக்குத் தாங்காது. கவர்னர், உத்தியோகஸ்தர், தஸ்தாவேஜு எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு உதகைக்குப் போய்விடும். சர்க்காரே மலையேறிவிடும்! ரயில் வருவதற்கு முன்னால் குதிரையும் மாட்டு வண்டியும்தான். அதுவும் முடியாதவர்களை டோலியில் வைத்து நம் ஆட்கள் தோளில் சுமந்தார்கள். மேலே தேயிலைத் தோட்டங்கள் பெருகின. வெலிங்டனில் பட்டாளம் இருந்தது. ஆகவே 1854-லேயே ரயில் திட்டம் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

பேச்சு எளிது, பணம் எங்கே? அந்தக் காலத்து ரயில் கம்பெனிகளின் வியாபாரம் விசித்திரமானது. நம் அரக்கோணம் பாதையைப் போட்ட மதராஸ் ரயில்வே கம்பெனியையே எடுத்துக்கொள்ளுங்கள். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் லண்டன் பங்குதாரருக்கு நூற்றுக்கு 5 வரை வட்டி உண்டு என்று சர்க்கார் உத்தரவாதம் கொடுத்தது. வட்டி கட்டியது யார்? நிலவரி கட்டிய குடியானவன். நீலகிரியில் 1891-ல் கவர்னர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டினார். மூன்றே வருஷத்தில், 1894-ல், கம்பெனி திவாலாகிவிட்டது. பிரபு வெட்டிய மண் அப்படியே கிடந்தது! பிறகு வேறொரு கம்பெனி வந்து, 1899 ஜூன் 15-ல் குன்னூர் வரை வண்டி ஓடியது. 1903-ல் சர்க்கார் அதை விலைக்கு வாங்கிக்கொண்டது. 1908-ல் உதகை வரை நீண்டது. நடுவில் அரவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலையும் எழுந்தது.

ஆலைத் தொழிலாளிகளுக்கு இதன் யந்திர நுட்பத்தைச் சொன்னால் பிடிக்கும். பாதை மொத்தம் 46 கிலோமீட்டர். 326 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு 2203 மீட்டருக்கு ஏற வேண்டும். செங்குத்தான இடத்தில் 12 அடி போனால் ஓர் அடி உயரம். சாதாரணச் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். அதனால் கல்லாறிலிருந்து குன்னூர் வரை இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வைத்த இரும்புச் சட்டங்கள் இரண்டைப் பதித்திருக்கிறார்கள். எஞ்சினுக்கு அடியில் உள்ள பல் சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. ஒரு சட்டத்தின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் வரும்படி அமைத்திருப்பதால், எந்நேரமும் ஏதாவது ஒரு பல் பிடியில் இருக்கும். ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் கண்ட முறை. எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. மர உடம்புள்ள ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்காரர் நிற்கிறார். வெயிலானாலும் மழையானாலும் அவர் கைதான் பயணிகளின் உயிர்.

16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். இவற்றுக்குப் பாறை உடைத்தவர்கள் யார்? கவர்னர் பெயரும் சுவிட்சர்லாந்துக்காரர் பெயரும் நமக்குத் தெரிகின்றன. மருந்து வைத்தவன், கல் சுமந்தவள் பெயர் எந்த ஸ்டேஷன் பலகையிலும் இல்லை. பலகையில் இருப்பவை அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, லவ்டேல். ரன்னிமேடு என்பது இங்கிலாந்தில் 1215-ல் ராஜா உரிமை சாசனத்துக்கு முத்திரை போட்ட இடம். கூலிக்காரனுக்கு ஒரு சாசனமும் தராத காட்டில் அந்தப் பெயரை வைத்தார்களே, அந்தத் துரைமாரின் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்!

பிற்காலத்தில் வந்த எஞ்சின்கள் யார் செய்தவை தெரியுமா? பழையவை சுவிட்சர்லாந்திலிருந்து வந்தன. 2011-லிருந்து எண்ணெயில் ஓடும் நான்கு புது நீராவி எஞ்சின்களைத் திருச்சி பொன்மலைப் பட்டறைத் தொழிலாளர்கள் செய்து கொடுத்தார்கள். அதே பொன்மலையில்தான் 1946 செப்டம்பர் 5-ந் தேதி போலீஸ் சுட்டு ஐந்து ரயில்வே தொழிலாளிகள் மாண்டார்கள்.

2005-ல் ஐக்கிய நாட்டு அமைப்பான யுனெஸ்கோ இந்த ரயிலை உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றது. நல்லது. ஆனால் 2020 டிசம்பரில் ஒரு தனியார் நிறுவனம் வண்டியை வாடகைக்கு எடுத்து, தலைக்கு 3000 ரூபாய் வசூலித்து ஓட்டியது. கூச்சல் கிளம்பியதும், “விற்கவில்லை, வாடகைக்குத்தான் விட்டோம்” என்று ரயில்வே சமாதானம் சொன்னது. சரி, விற்கவில்லை. அந்த 3000 ரூபாய்க்குக் கீழே இருப்பவன் அன்றைக்கு எந்த வண்டியில் ஏறுவது? தேயிலை பறிக்கிற பெண்ணுக்கு அது எத்தனை நாள் கூலி? நீங்களே கணக்குப் போடுங்கள்.

மழைக்காலத்தில் மண் சரிந்தால் இந்தப் பாதை மூடிக்கொள்ளும். 2009 நவம்பரில் பெருஞ்சரிவு வந்து மாதக்கணக்கில் வண்டி நின்றது. பாறையை அகற்றி, பல் சட்டத்தைத் திரும்பப் பொருத்தியவர்கள் பாதைத் தொழிலாளர்கள். நஷ்டம், நஷ்டம் என்று புலம்புகிறவர்கள் அவர்கள் உழைப்பை எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள்?

நீலகிரி எக்ஸ்பிரஸ் நம் அரக்கோணம் வழியாகத்தான் இரவில் போகிறது, காலையில் மேட்டுப்பாளையம். முடிந்தவர்கள் ஒருமுறை போய் வாருங்கள். ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும். அப்போது இறங்கி அந்தப் பல் சட்டத்தைக் குனிந்து பாருங்கள். பிரேக்காரரிடம் பேச்சுக் கொடுங்கள். எத்தனை மணி நேரம் நின்று வேலை செய்கிறார், ஆள் போதுமா, காலியிடம் நிரப்பினார்களா என்று கேட்டு வந்து அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.