ஆராய்ச்சியில் பங்கும் பெயரும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. பலர் கூடிச் செய்த அறிவியல் ஆராய்ச்சி கட்டுரையாக வெளிவருங்கால், ஆசிரியர் என்ற நிலையில் யார் யார் பெயர் நிற்றல் வேண்டும்? யாருக்கு நன்றி கூறுதல் போதும்? இதுவே நம் பொருள். இத் தலைநகரில் ஆய்வுக்கூடத்திற்கோ மருத்துவமனைக்கோ மகனையோ மகளையோ அனுப்பியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல. இளைஞர் ஒருவரின் பட்டம், வேலை, பதவி உயர்வு ஆகியவை பெரிதும் அப்பெயர் வரிசையைப் பொறுத்தே அமைகின்றன. பெயர் ஒன்று விடுபட்டால், சில ஆண்டுகளின் உழைப்பே இல்லையென்று ஆகிவிடும்.

இவ்வகையில் நம் முன்னோர் காட்டிய நெறி போற்றத்தக்கது. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார். தொகுப்பித்தவர் சேரமன்னர் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. பாடிய புலவர் ஐவர் பெயரும் தனியே குறிக்கப்பெற்றுள்ளன. பொருள் கொடுத்த மன்னரைப் புலவராக்கவில்லை. தொகுத்தவரும் பாட்டுக்கு உரிமை கோரவில்லை. குறுந்தொகையிலோ, இயற்பெயர் தெரியாத புலவரைச் செம்புலப்பெயனீரார் என அவர்தம் சொல்லாலேயே அழைத்தனர். பெயர் தெரியவில்லை என்பதற்காகப் பாட்டை வேறொருவருக்கு உரியதாக்கவில்லை. பாடியவர், தொகுத்தவர், தொகுப்பித்தவர் என மூன்று பங்கினையும் பிரித்துக் காட்டிய இம்முறையே அறிவியலுக்கும் வேண்டுவது.

நம் இராமானுஜன் வாழ்விலிருந்து ஒரு சான்று காண்போம். 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். எந்த எண்ணுக்கும் இவ்வகைகளின் தொகையைத் தரும் வாய்பாட்டை ஹார்டியும் இராமானுஜனும் 1918-இல் வெளியிட்டனர். அது சரிதானா என்று அறிய, மேஜர் மக்மகான் என்பார் 200 வரையுள்ள எண்களுக்கு வேறொரு முறையால் கணக்கிட்டு அட்டவணை அமைத்திருந்தார். 200-க்கு உரிய விடை 13 இலக்கங்கள் கொண்டது. இது கடுமையான உழைப்பு. எனினும் தேற்றமும் நிறுவலும் அவருடையன அல்ல. ஆதலின் ஆசிரியர்களாக இருவர் பெயரே நின்றன. அட்டவணை மக்மகான் பெயரைச் சுட்டி, நன்றியுடன் அச்சிடப்பெற்றது. நன்றியுரை என்பது வெறும் உபசாரம் அன்று. இன்னார் இன்னது செய்தார் என்று உலகறியச் சொல்வது.

இனிக் கல்கத்தாவிற்குச் செல்வோம். சர் சி. வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் ஆசுதோஷ் தே என்ற உதவியாளர் இருந்தார். பல்கலைக்கழகக் கல்வி பெறாதவர். ஆயினும் இராமன் தம்முடன் அவரை இணையாசிரியராக்கிக் கட்டுரைகள் வெளியிட்டார். 1919-இல் இலண்டன் ராயல் சங்கத்தின் இதழில் வந்த கட்டுரை ஒன்றுக்கு ஆசுதோஷ் தே ஒருவரே ஆசிரியர். இராமன் எழுதியது அதற்கு முன்னுரை. பட்டத்தை நோக்காது பங்கினை நோக்கிய செயல் இது.

அதே கூடத்தில் 1928-இல் புதிய ஒளிச்சிதறல் கண்டறியப்பட்டது. வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் அச்சோதனைகளில் இராமனுடன் உழைத்தவர். நேச்சர் இதழில் மார்ச் 31 அன்று வந்த முதற் குறிப்பில் இருவர் பெயரும் உள்ளன. 1930-இல் நோபெல் பரிசு இராமன் ஒருவருக்கே வந்தது. விளைவும் அவர் பெயரையே பெற்றது. இராமனோ தம் நோபெல் உரையில் கிருஷ்ணன், இராமநாதன், வெங்கடேசுவரன் ஆகியோரின் பணியைக் குறிப்பிட்டார். அக்கிருஷ்ணனே பின்னர் இந்நகரின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்திற்கு முதல் இயக்குநரானார். பரிசு பிறர் கையில் உள்ளது. கட்டுரையில் பெயர் இடுவதோ நம் கையில் உள்ளது. அன்று இரு பெயரும் அச்சேறியமையால், கிருஷ்ணன் பங்கினை இன்றும் எவரும் மறைத்தல் இயலாது.

உரிய பெயரை விடுதல் ஒரு குற்றம். உரிமையில்லாப் பெயரைச் சேர்த்தல் மற்றொன்று. 1948-இல் ஆல்பர் என்ற மாணவர், தம் வழிகாட்டி காமோவுடன், தனிமங்களின் தோற்றம் பற்றி எழுதினார். ஆல்பா, பீட்டா, காமா என்ற ஒலி நயத்திற்காகப் பணியில் பங்கில்லாத பேத்தேயின் பெயரையும் காமோ இடையில் சேர்த்தார். வேடிக்கைதான். ஆனால் புகழ்பெற்ற இருவரிடையே தம் பங்கு மறைந்துபோகும் என்று அம்மாணவர் வருந்தினார். தலைவர் என்பதற்காகவும், கருவி இரவல் தந்தார் என்பதற்காகவும் பெயர் சேர்க்கும் வழக்கத்தில் அந்த வேடிக்கையும் இல்லை.

மருத்துவ இதழாசிரியர்களின் அனைத்துலகக் குழு இதற்கு நான்கு உரைகற்களை வகுத்துள்ளது. ஆய்வின் கருத்திலோ, திட்டத்திலோ, தரவுகளைத் திரட்டி ஆராய்வதிலோ கணிசமான பங்கு. கட்டுரையை எழுதுதல் அல்லது அறிவார்ந்து திருத்துதல். இறுதி வடிவத்திற்கு இசைவு. முழுப் பணிக்கும் பொறுப்பேற்றல். நான்கும் உடையவரே ஆசிரியர். பணம் பெற்றுத் தருதலும், பொதுவான மேற்பார்வையும் மட்டும் போதா. அவை நன்றிக்கு உரியன. இதில் ஒரு நுட்பம் உண்டு. முதற்பங்கு ஆற்றியவருக்கு மற்ற மூன்றிலும் வாய்ப்பளித்தல் வேண்டும். இராப்பகலாகச் சோதனை செய்த பெண்ணிடம் கட்டுரையைக் காட்டாமலே வைத்திருந்து, பின்பு 'நீ எழுதவில்லையே' என்று பெயரை நீக்குதல் அறமாகாது.

ஆதலின் இளைஞர்களுக்கு நாம் கூறுவது இதுவே. பணி தொடங்கும் அன்றே, யார் எப்பகுதி செய்வது, யார் பெயர் எவ்வரிசையில் வருவது என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். பணி மாறினால் ஏட்டையும் மாற்றுங்கள். வரிசையின் பொருள் துறைக்குத் துறை வேறு. கணிதத்தில் அகரவரிசை பெருவழக்கு, உயிரியலில் முதற்பெயரும் இறுதிப்பெயரும் சிறப்புடையன. இதனை முன்னரே கேட்டறிதல் பணிவுக் குறைவு ஆகாது. நன்றி கூறுமுன் உரியவர் இசைவைப் பெறுங்கள். தலைமைப் பொறுப்பிலுள்ள பெரியோர், இளையவர் கேட்கும் வரை காத்திராமல் தாமே இப்பேச்சைத் தொடங்குதல் வேண்டும். கேட்க அஞ்சுபவரே பெரும்பாலும் இழப்பவர்.

தேரை ஊர் கூடி இழுக்கிறது. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இட்டுத் திருப்புபவரைக் காண்போர் சிலரே. அவரின்றித் தேர் நிலைக்கு வாராது. அவரையும் கண்டு, அவர் செய்ததைச் சொல்லிப் பெயரிடும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் வேரூன்றுக என வேண்டி அமைகின்றோம்.