முதல் வேலை: வெள்ளை உடுப்பும் அரைவயிற்றுக் கூலியும்

(கள்ளக்குறிச்சியில் செவிலிய மாணவிகளிடையே பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை கூடுமானவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



முதல் வேலையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். 'தன்னம்பிக்கை இருந்தால் தானாக வேலை வரும்' என்று பேச எனக்குத் தெரியாது. நமக்குத் தன்னம்பிக்கை இல்லாமலா கரும்புக் கொல்லையிலிருந்து கல்லூரிக்கு வந்தோம்? இல்லாதது வேறு. அது என்ன என்றுதான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்று. உடம்பைத் தொடுகிற வேலையெல்லாம் இந்தச் சமூகத்தில் யார் தலையில் கட்டப்பட்டது? பிரசவம் பார்ப்பது, தொப்புள்கொடி அறுப்பது, தீட்டுத்துணி துவைப்பது, பிணம் தூக்குவது எல்லாம் ஒடுக்கப்பட்ட சாதிகளின் தலையில்தான். அதற்குக் கூலி ஒரு படி தானியம், ஒரு பழைய சேலை. அதே வேலை ஆஸ்பத்திரிக்குள் போனதும் படிப்பாகி, பட்டமாகிவிட்டது. வேலூரில் 1909இல் ஐடா ஸ்கடர் செவிலியர் பள்ளி தொடங்கினார். 1946இல் அங்கே பட்டப்படிப்பே வந்தது. ஆனால் கூலி கொடுக்கும் புத்தி மட்டும் மாறவில்லை. 'சேவை' என்று பேர் வைத்து அதே ஒரு படி தானியத்தைத்தான் இன்றைக்கும் அளக்கிறார்கள். 'உங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே' என்று ஒருத்தர் சொன்னால், தங்கச்சி, அது பாராட்டு இல்லை. மூன்று வருஷம், நாலு வருஷம் உட்கார்ந்து உடற்கூறும் மருந்தியலும் படித்தது பழக்கம் இல்லை. அது படிப்பு.

இப்போது நடைமுறைக்கு வருவோம்.

நம் பிள்ளைகளுக்கு வேலைக்கான கதவு அடைபடுவது நேர்முகத் தேர்வில் இல்லை, அதற்கு முன்னாலேயே, கல்லூரி ஆபீஸில். சுயநிதிக் கல்லூரியில் படிக்கிற ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்துவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர், இவர்களுடைய கட்டாயக் கட்டணத்தை, வருமான வரம்புக்கு உட்பட்டு, அரசே ஏற்கும் என்று 2012இல் அரசாணை 92 வந்தது. அரசுப் பணம் மெதுவாகத்தான் வரும். 'ஸ்காலர்ஷிப் வரல, நீ கட்டு, அப்பறம் சர்ட்டிபிகேட்' என்பார்கள். நான் படித்த இடத்தில் எட்டு மாசம் என் சான்றிதழ் அலமாரியில் கிடந்தது. அம்மா இரண்டு தடவை போய் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

இந்த எட்டு மாசம் என்ன செய்யும் என்று கவனியுங்கள். சான்றிதழ் இல்லாமல் சாந்தோமில் இருக்கிற தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லை என்றால் அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியாது. தனியார் ஆஸ்பத்திரியில் 'டிரெய்னி' என்று போட்டுப் பாதிச் சம்பளம் கொடுப்பார்கள். பதிவு இல்லாதவள் எதிர்த்துக் கேட்கமாட்டாள் என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு காகிதத்தை அலமாரியில் பூட்டினால் ஒரு குடும்பத்தையே பூட்டிவிடலாம்.

சான்றிதழ் அடகு வைக்கிற பொருள் இல்லை, கட்டணப் பாக்கிக்காக அதைப் பிடித்துவைக்கக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. ஆகவே வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள். ஒரு நகல் ஆதிதிராவிடர் நல அலுவலருக்கு, ஒரு நகல் ஆட்சியருக்கு. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனபிறகு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறும் கூலியாவது மிச்சம்.

அடுத்தது நேர்முகத் தேர்வு. நான் முதன்முதலில் போன தனியார் ஆஸ்பத்திரியில் ஊசி போடத் தெரியுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

"எந்த ஊரும்மா?"

"சங்கராபுரம் பக்கம் சார்."

"பக்கம்னா?"

ஊர்ப்பேரைச் சொன்னேன்.

"ஊருலயா, காலனியிலயா?"

காலனி என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மாசம் ஏழாயிரம், ஒரு வருஷம் பாண்டு, ஒரிஜினல் எங்களிடம் இருக்கட்டும் என்றார். வேலைக்குச் சேர்ந்த பிறகு பார்த்தேன். ஊசி மருந்தும் கேஸ் ஷீட்டும் ஒரு பக்கம், பெட்பேனும் வாந்தியும் இன்னொரு பக்கம். எல்லா நர்சும் எல்லா வேலையும் செய்யவேண்டியதுதான், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் டூட்டி சீட்டில் ஒரே ஆளுடைய பேர் ஒரே பக்கம் வந்துகொண்டே இருந்தால் அது வேலைப் பிரிவினை இல்லை. வேலை செய்கிறவர்களைப் பிரிக்கிற பிரிவினை என்று அண்ணல் அம்பேத்கர் சாதியைச் சொன்னாரே, அதுதான். சேரியில் ஒரு தெருவுக்கு ஒரு வேலை என்பது போல ஆஸ்பத்திரியில் ஒரு வார்டுக்கு ஒரு சாதி.

சம்பளம் 'அவங்க இஷ்டம்' என்று நினைக்கிறோம். அப்படி விட்டுவிட முடியாது. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரியில் உச்சநீதிமன்றம் ஒரு வல்லுநர் குழு அமைக்கச் சொன்னது. அந்தக் குழு என்ன பரிந்துரைத்தது தெரியுமா? 50 படுக்கைக்குக் கீழே உள்ள தனியார் மருத்துவமனைகூட 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் செவிலியருக்குச் சமமான சம்பளம். கேரளத்தில் செவிலியர்கள் வீதிக்கு வந்தார்கள். 2018இல் 20,000 என்று அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று. பரிந்துரை எல்லா மாநிலத்துக்கும் ஒன்றுதான். சங்கம் இருந்த இடத்தில் அது சம்பளமானது. சங்கம் இல்லாத இடத்தில் காகிதமாகவே கிடக்கிறது.

சரி, அரசு வேலை? 2012இல் எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வந்தது. 2015இல் அது நடத்திய தேர்வில் ஆயிரக்கணக்கான செவிலியர் தேறினார்கள். தொகுப்பூதியம் 7,700 ரூபாய், இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்றார்கள். இரண்டு வருஷம் போனது, நிரந்தரம் வரவில்லை. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு உட்கார்ந்தவர்கள் உண்டு. அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் 7,700 என்பது 14,000 ஆனது, பின்னால் 18,000 ஆனது. கொரோனாவில் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை 2022 டிசம்பர் 31ஓடு போகச் சொன்னார்கள். கைதட்டியவர்கள், விளக்கேற்றியவர்கள் யாரும் அன்றைக்கு வரவில்லை.

எம்.ஆர்.பி. தேர்வில் இனச்சுழற்சி உண்டு. ஆதிதிராவிடருக்கு 18, அதில் அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. அதனால் அந்தத் தேர்வை விடாதீர்கள். ஆனால் ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் எடுக்கும்போது இனச்சுழற்சி எங்கே போகிறது? நாம் வாசல் தாண்டி உள்ளே வருகிற நேரம் பார்த்து வீட்டையே குத்தகைக்கு விடுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்லணும். 1928இல் பம்பாய்ச் சட்ட மேலவையில் பெண் தொழிலாளர்களின் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார் அம்பேத்கர். கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து, தமிழ்நாட்டு ஒப்பந்தச் செவிலியருக்கும் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு உண்டு என்று சொல்ல 2025 மார்ச்சில் உயர்நீதிமன்றம் வரவேண்டியிருந்தது. வழக்குப் போட்டது எம்.ஆர்.பி. செவிலியர்களின் சங்கம். ஆயிரம் பிரசவத்துக்குத் துணை நிற்கிறவளுக்குத் தன் பிரசவத்துக்கு விடுப்பு வாங்கவே கோர்ட்டு!

இனி மலைக்கு வருகிறேன். 2021 கடைசியில் எம்.எல்.எச்.பி. என்னும் இடைநிலை சுகாதாரப் பணியாளர் வேலைக்கு மாவட்டந்தோறும் ஆள் எடுத்தார்கள். மாநிலம் முழுக்க 4,848 இடம், சம்பளம் 14,000. எனக்குக் கல்வராயன் மலையில் ஒரு துணை சுகாதார நிலையம் கிடைத்தது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி மேலே ஏறினால் வெள்ளிமலை. அங்கிருந்து உள்ளே போகிற ஊர்களுக்கு ரோடு பாதி, நடை பாதி. நாடு 1947இல் விடுதலை பெற்றது என்று நாம் படித்தோம். இந்த மலை ஜாகீர்தார்களிடமிருந்து 1976இல்தான் விடுபட்டது. நிறைமாசக்காரியைத் தொட்டிலில் கட்டித் தூக்கி வருவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

போன முதல் வாரம் ஒரு பாட்டி கேட்டாள்: "ஏம்மா நர்சம்மா, நீயும் மூணு மாசத்துல எறங்கிப் போயிருவியா?"

அந்தப் பாட்டியின் கேள்வி நர்சுக்கு இல்லை, அரசாங்கத்துக்கு. தங்க வீடு இல்லை, சாயங்காலத்துக்கு மேல் பஸ் இல்லை, வேலை நிரந்தரம் இல்லை. இப்படி இருந்தால் எவள் தங்குவாள்? மலையில் நர்ஸ் இல்லை என்பதும், நர்சுக்கு வேலை இல்லை என்பதும் ஒரே பிரச்சினை. இரண்டையும் தனித்தனியாகப் பேசவைத்து நம்மை ஏமாற்றுகிறார்கள்.

நம்மவர்களுக்கும் ஒன்று சொல்லியாகணும். கீழே நம்மைக் 'காலனிக்காரங்க' என்கிறார்கள். நாம் மேலே போய் 'மலைக்காரங்க'ளுக்கு ஒன்றும் தெரியாது என்கிறோம். இது எங்கிருந்து கற்றது? மலையாளிப் பழங்குடிப் பெண் ஒருத்தி நர்சிங் படிக்கணும் என்றால், தாசில்தார் தரும் சான்று அவளுக்குப் போதாது, கோட்டாட்சியரிடம் போகணும். நம்மைவிடக் கூடுதல் படி ஏறுகிறாள். அவளுக்கு வழிகாட்டுகிற முதல் ஆள் நாமாக இருக்க வேண்டாமா?

2024 ஜூனை மறந்திருக்கமாட்டீர்கள். கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் கொன்றது. செத்தவர்களில் பலர் நம் தெருக்காரர்கள், கூலிக்குப் போனவர்கள். அதற்குப் பிறகுதான் கல்வராயன் மலை மக்களின் நிலை பற்றி உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்தது. பிணம் விழுந்தால்தான் ரோடு கேட்கவேண்டும் என்றால் நாம் எத்தனை ரோடு கேட்பது?

முடிக்கிறேன். வேலைக்குப் போகிறவர்கள் சிலவற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பதிவு முடியாமல் வேலையில் சேராதீர்கள். ஒரிஜினலைக் காட்டுங்கள், கொடுக்காதீர்கள். நியமனக் கடிதமும் சம்பளச் சீட்டும் எழுத்தில் கேளுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று பாருங்கள். வளைகுடாவுக்குப் போகணுமா, ஏஜெண்டிடம் நகையை வைக்காதீர்கள். 2015இலிருந்து அந்த நாடுகளுக்குச் செவிலியரை அரசு அனுமதித்த நிறுவனங்கள் வழியாகத்தான் எடுக்க முடியும். தமிழ்நாட்டுக்கு அது அயல்நாட்டு மனிதவள நிறுவனம். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் தேதி, நேரம், பக்கத்தில் இருந்தவர் பேர் மூன்றையும் அன்றைக்கே எழுதிவையுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வார்டுக்கு வெளியே நின்றுவிடுவதில்லை.

தனியாகப் போனால் 'எவ்வளவு குடுப்பீங்க சார்' என்றுதான் கேட்க முடியும். பத்துப் பேர் பேசிவைத்துக்கொண்டு போனால் 'இவ்வளவு குடுத்தாத்தான் வருவோம்' என்று சொல்லலாம். கூட்டம் கலைவதற்குள், இந்த வருஷம் படிப்பு முடித்தவர்கள் பேரையும், யாருக்கெல்லாம் சான்றிதழ் வரவில்லை என்பதையும் அந்த நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு மனுவோடு எல்லோரும் சேர்ந்தே போகிறோம்.

ஜெய்பீம்.