இரைப்பை சுருங்கிய பின்

குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி அகற்றப்பட்டவர்கள் எளிதில் பருக்காததை அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகச் சத்திரசிகிச்சை நிபுணர் எட்வேட் மேசன் கவனித்தார். அக்கவனிப்பிலிருந்தே 1966ஆம் ஆண்டில் மிகைப்பருமனுக்கான இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சை பிறந்தது.

ஆயினும், இரைப்பையைச் சுருக்கும் கத்தி பழக்கத்தைச் சுருக்குவதில்லை. ஆதலால் ஆயத்தம் வீட்டிலேயே தொடங்குதல் வேண்டும். புகைத்தலை விட்டொழிப்பது முதற்படி. சிகிச்சைக்கு முன் ஏறத்தாழ இரண்டு வாரம் மாவும் கொழுப்பும் குறைந்த உணவை வைத்தியர்கள் விதிப்பதுண்டு. அதனால் இரைப்பையை மூடிக்கிடக்கும் ஈரல் சுருங்கி, அவர்தம் பணி எளிதாகின்றது.

சிகிச்சைக்குப் பின் நீராகாரம், கூழ், மென்மையான உணவு எனப் படிப்படியாகவே ஏறவேண்டும். முட்டை, மீன், பருப்பு முதலிய புரத உணவுக்கே முதலிடம். உண்ணும்போது நீர் அருந்தலாகாது. இனிப்பு மிகுந்தால் படபடப்பும் மயக்கமும் தோன்றலாம்.

பெரும் ஆபத்தோ நலம்பெற்ற பின்னரே வருகின்றது. உடல் இலேசானதும், “இனி மாத்திரை எதற்கு?” என்ற எண்ணம் எழும். ஈரலிலுள்ள விற்றமின் பீ12 சேமிப்புச் சில காலம் குறையை மறைக்கும்; அது வெளிப்படும்போது நரம்புகள் பழுதுற்றிருக்கலாம். ஆகவே விற்றமின், இரும்பு, கல்சிய மாத்திரைகளும் இரத்தப் பரிசோதனையும் வாழ்நாள் முழுவதும் தொடரவேண்டும். சத்திரசிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் பயனைக் காப்பது நோயாளியின் அன்றாடக் கடமையாகும்.