முன்செல்வோன் கடமை
(கொடைரோட்டில் நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சைக்கிள் பந்தயம் நம் தொழில் வாழ்க்கைக்குக் கற்பிக்கும் பாடமொன்றை எடுத்துரைக்க விழைகின்றேன்.

2019-ஆம் ஆண்டு ஜெர்மனி தேசத்தில் நடந்த இளையோர் உலகப் பந்தயத்தில், ஈசோ ஆல்பென், ரொனால்டோ சிங், ரோஜித் சிங் ஆகிய மூவரும் நம் நாட்டிற்குத் தங்கப் பதக்கம் ஈட்டித் தந்தனர். அப்பந்தயத்தின் முறைமை சிந்திக்கத்தக்கது. மூவரும் ஒருவர்பின் ஒருவராய் விரைவர். முதல்வன் எதிர்காற்றைத் தான் தாங்கி ஒரு சுற்று ஓட்டி விலகுவான். இரண்டாமவன் அடுத்த சுற்றில் அவ்வாறே செய்வான். மூன்றாஞ்சுற்றை மூன்றாமவன் தனித்து முடிப்பான். அவன் எல்லை கடக்கும் நேரமே மூவர்க்கும் உரிய நேரம்.

ஆகவே முன்செல்வோனுக்குக் கடமை இரண்டு: காற்றைத் தாங்குதல், காலமறிந்து விலகுதல். முன்னதற்கு நம்மிடம் குறைவில்லை. தம்பியர் படிக்கும்பொருட்டு மில்லிலும் திராட்சைத் தோட்டத்திலும் உழைத்த தமையன்மார் இங்கே பலர். பின்னதே அரிது.

அதற்கு யானே சான்று. பள்ளியில் கால அட்டவணை வகுக்கும் வேலையைப் பத்தாண்டுகள் பிறர்க்குக் கற்பியாது வைத்திருந்தேன். 'என்னையன்றி நடவாது' என்று செருக்கினேன். ஒரு ஜூன் மாதம் காய்ச்சலில் படுத்தேன்; பள்ளி திறந்தும் ஒரு வாரம் பிள்ளைகள் பாடமின்றி இருந்தனர். அது என் பெருமையன்று, என் குற்றமே என்றுணர்ந்தேன்.

அன்பர்களே! கடையிலாயினும், தோட்டத்திலாயினும், இச்சங்கத்திலாயினும் பொறுப்பேற்றோர், பின்வருவோனுக்குத் தொழிலையும் கணக்கையும் சாவியையும் ஒப்புவித்து, உரிய சுற்றில் விலகுவாராக! இளைஞரும், தமக்காகக் காற்றைத் தாங்கியவரை மறவாதிருப்பாராக!