திறப்பும் பெட்டகமும்



1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சு நூல்கள் பலவற்றை மீண்டும் வாங்கலாம். வேறெங்கும் படியில்லாத ஏட்டுச் சுவடிகளோ போயின போயினவே.

இன்று பாடசாலைகளின் சேர்வு இடாப்பும் புள்ளிப் பதிவும் கணினிக்குள் புகுந்துவருகின்றன. விடுகைப் பத்திரம் கேட்டு வரும் பழைய மாணவனின் வாழ்வு அவற்றில் தங்கியுள்ளது. ஆதலால், 'முகில்' எனப்படும் தொலைதூரச் சேமிப்பகத்தில் அவற்றைப் படியெடுத்து வைக்கின்றோம். அது மட்டும் போதுமோ? 2023 ஆகஸ்ட் மாதத்தில் கப்பம் கேட்கும் தீநிரலொன்று இலங்கை அரச முகிலைத் தாக்கியது. மூலத்தோடு காப்புப் படியும் பூட்டப்பட்டது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகள் மீளவில்லை.

ஆகவே, பெட்டகத்தினும் திறப்பே பெரிது. அதிபரின் கடவுச்சொல்லைக் காப்புப் பணிக்கு வழங்குதல் ஆகாது. அப்பணிக்கெனத் தனித் திறப்பொன்று அமைத்தல் வேண்டும். புதிய படிகளைச் சேர்க்கும் உரிமையை அதற்கு அளித்து, பழையவற்றை மாற்றும் உரிமையையும் அழிக்கும் உரிமையையும் மறுத்தல் வேண்டும். பொறுப்பாசிரியர் இடமாற்றம் பெறும் நாளிலேயே அவர் கைத் திறப்பை நீக்கிப் புதியது ஆக்குக. இன்னொரு படியை இணையத் தொடர்பற்ற வன்தட்டில் வைத்துக்கொள்க. தவணைக்கொருமுறை ஓர் இடாப்பையேனும் மீட்டெடுத்துப் பார்க்க.

மீட்டுப் பாராத காப்பு, திறந்து பாராத நெற்குதிர். உள்ளே இருப்பது நெல்லோ உமியோ, பஞ்ச காலத்திலேதான் தெரியவரும்.